முட்டி வலிக்குக் கத்தி எப்போது?

தொலைக்காட்சி மன்றத்தில் பேசியதன் எழுத்து வடிவம்



மூட்டு வலியைப் பற்றி மன்றத்தில் பேசி முடித்து, முகப்பூச்சைக் கலைப்பதற்குள் தொலைபேசி ஒலிக்கத் தொடங்கிவிட்டது. அழைத்தவர்களில் பெரும்பாலோர் கேட்டது ஒரே கேள்விதான். "டாக்டர் முட்டியில் ஆபரேஷன் என்கிறார். செய்துகொள்ளலாமா, வேண்டாமா?"

நான் மருத்துவர் அல்லள். ஆய்வுகளைப் படித்து, விவரம் தெரிந்தவர்களிடம் கேட்டு, புரிந்துகொண்டதைப் பத்துப் பேருக்கு எடுத்துச் சொல்வது என் தொழில். ஆனால் இந்தக் கேள்வி தொழிலோடு நிற்கவில்லை. எங்கள் வீட்டு வரவேற்பறையிலும் உட்கார்ந்திருக்கிறது. எனவே அத்தையின் கதையிலிருந்தே தொடங்குகிறேன்.

அத்தை சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். விடியற்காலை இருட்டில் நெற்றி விளக்கோடு கிளம்பி, மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி, தாழ வெட்டிய மரத்துக்குக் குந்தி, பால் வாளியைத் தூக்கி, முப்பது ஆண்டுகள் அப்படியே ஓடிவிட்டன. தோட்டத்தை விட்டுத் தாமானுக்கு வந்தபோது உடன் வந்தது முட்டி வலி. 2011-ஆம் ஆண்டு ஒரு தனியார் மருத்துவமனையில் எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்து, "சவ்வு கிழிந்திருக்கிறது, சின்னத் துளை போட்டுச் சுத்தம் செய்துவிடலாம்" என்றார்கள். மாமா ஓய்வு பெற்றபோது கிடைத்த சேமநிதியில் ஒரு பகுதி அதற்குப் போயிற்று. ஆறேழு மாதம் அத்தை நன்றாகத்தான் நடந்தார். பிறகு வலி பழைய இடத்துக்கே திரும்பி வந்தது. "பணம் போனது போகட்டும்மா, சரியாகிவிடும் என்று நம்பினேனே" என்று அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த மருத்துவரைக் குறை கூற இதை எழுதவில்லை. அக்காலத்தில் உலகெங்கும் இலட்சக்கணக்கானோருக்கு அதே சிகிச்சை செய்யப்பட்டது. ஆனால் அதைப் பற்றி ஆய்வுகள் என்ன சொல்கின்றன என்பது எங்களில் ஒருவருக்கும் தெரியாது. தெரிந்திருந்தால் கேள்வியாவது கேட்டிருப்போம்.

தேய்வதும் கிழிவதும்

முழங்கால் என்பது தொடை எலும்பும் கால் எலும்பும் சந்திக்கும் இடம். இரண்டு எலும்புகளின் நுனியையும் வழவழப்பான குருத்தெலும்பு மூடியிருக்கிறது. அவற்றுக்கு நடுவில் பிறை வடிவில் இரண்டு மெத்தைகள் உண்டு. இவற்றைத்தான் மெனிஸ்கஸ் என்கிறார்கள். நம்மவர்கள் வழக்கில் சவ்வு. உடல் எடையை மூட்டு முழுவதும் பரப்பிக் கொடுப்பது இதன் வேலை.

வயது ஏற ஏறக் குருத்தெலும்பு மெலிகிறது. மெத்தையும் பழைய வேட்டியின் கரை நைவதுபோல் நைகிறது. மெத்தையின் உட்பகுதிக்கு இரத்த ஓட்டம் இல்லாததால் அங்கே ஏற்படும் கிழிசல் எளிதில் ஆறாது. பந்து விளையாடும்போது இளைஞனின் கால் முறுக்கிக்கொண்டு "படக்"கென்று கிழிவது வேறு. ஐம்பது வயதுக்கு மேல் மெல்ல மெல்ல நைந்து கிழிவது வேறு. இந்த இரண்டையும் ஒன்றாக நினைப்பதில்தான் குழப்பமே தொடங்குகிறது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஃபிரேமிங்ஹாம் நகரவாசிகள் 991 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்த ஆய்வு 2008-இல் வெளிவந்தது. எல்லாரும் 50 முதல் 90 வயதுவரை உள்ளவர்கள். நோயாளிகளாகத் தேடிப் பிடிக்கப்பட்டவர்கள் அல்லர், ஊர்மக்கள். 50 முதல் 59 வயதுப் பெண்களில் 19 விழுக்காட்டினருக்கும், 70 முதல் 90 வயது ஆண்களில் 56 விழுக்காட்டினருக்கும் மெத்தை கிழிந்திருந்தது. வியப்பு என்னவென்றால், கிழிசல் இருந்தவர்களில் 61 விழுக்காட்டினருக்கு முந்தைய ஒரு மாதத்தில் வலியோ பிடிப்போ இல்லை.

அப்படியானால் எம்.ஆர்.ஐ. படத்தில் கிழிசல் தெரிவதாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று முடிவு கட்ட முடியாது. தலை நரைப்பதைப் போல, அது வயதின் அடையாளமாகவும் இருக்கலாம்.

பொய் அறுவை சொன்ன உண்மை

ஒரு மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க, பாதிப் பேருக்கு மருந்தும் பாதிப் பேருக்கு வெறும் மாவு மாத்திரையும் கொடுத்துச் சோதிப்பார்கள். அறுவைச் சிகிச்சையை அப்படிச் சோதிப்பது எப்படி?

அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரில், முன்னாள் இராணுவத்தினருக்கான மருத்துவமனையில் அதைச் செய்து காட்டினார்கள். முட்டித் தேய்வு உள்ள 180 பேரைக் குலுக்கல் முறையில் மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழுவுக்கு மூட்டுக்குள் குழாய் செலுத்தி, நைந்த பகுதிகளைச் செதுக்கி எடுத்தார்கள். இரண்டாம் குழுவுக்கு மூட்டை உப்புநீரால் கழுவிவிட்டார்கள். மூன்றாம் குழுவுக்குத் தோலில் மட்டும் மூன்று சிறு கீறல்கள். உள்ளே எதுவும் செலுத்தவில்லை. ஆனால் மருத்துவர் கருவிகளைக் கேட்டு வாங்கினார், காலை மடக்கி நீட்டினார், தண்ணீர் தெறிக்கும் ஓசையைக்கூட எழுப்பினார். நோயாளிக்குத் தனக்கு எது நடந்தது என்று தெரியாது.

இது ஏமாற்று வேலை அல்லவா என்று நீங்கள் கேட்கலாம். இல்லை. பொய் அறுவையும் கிடைக்கலாம் என்பதை முன்கூட்டியே சொல்லி, அதைப் புரிந்துகொண்டதாக அவரவர் கையாலேயே எழுதி வாங்கினார்கள். தகுதியான 324 பேரைக் கேட்டதில் 144 பேர் மறுத்துவிட்டார்கள். ஒப்புக்கொண்டவர்கள்தாம் இந்த 180 பேர்.

இரண்டு ஆண்டுகள் கவனித்தார்கள். 2002-இல் முடிவு வெளியானது. வலி குறைந்ததிலும் சரி, நடை முன்னேறியதிலும் சரி, உண்மையான அறுவை பெற்றவர்கள் பொய் அறுவை பெற்றவர்களைவிட எந்தக் கட்டத்திலும் மேலாக இல்லை.

இது பெரும்பாலும் ஆண்களை வைத்து, ஒரே மருத்துவர் செய்த ஆய்வு என்று சிலர் ஏற்கவில்லை. கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் 178 பேரைக் கொண்டு இன்னோர் ஆய்வு நடந்தது. பாதிப் பேருக்குப் பிசியோதெரபியும் மருந்தும். மறு பாதிக்கு அவற்றோடு துளை அறுவையும். 2008-இல் வெளியான முடிவும் அதேதான். இரண்டு ஆண்டு கழித்து இரு குழுவினரிடையே வேறுபாடு இல்லை.

"தேய்வுக்கு அது உதவாமல் போகலாம், கிழிசலுக்கு உதவுமே" என்ற வாதம் மிஞ்சி நின்றது. அதையும் ஃபின்லாந்து நாட்டு மருத்துவர்கள் சோதித்தார்கள். 35 முதல் 65 வயதுவரை, தேய்வு இல்லாமல் மெத்தைக் கிழிசல் மட்டும் உள்ள 146 பேர். பாதிப் பேருக்கு உண்மை அறுவை, பாதிப் பேருக்குப் பொய் அறுவை. 2013-இல் வெளிவந்த முடிவின்படி, ஓராண்டுக்குப் பின் இரு குழுவும் ஏறக்குறைய ஒரே அளவு குணமடைந்திருந்தன. "மறுபடியும் இதே சிகிச்சையைச் செய்துகொள்வீர்களா?" என்று கேட்டபோது, உண்மை அறுவை பெற்றவர்களில் 93 விழுக்காட்டினரும், பொய் அறுவை பெற்றவர்களில் 96 விழுக்காட்டினரும் "ஆம்" என்றார்கள்! அதே நோயாளிகளை ஐந்தாண்டு கழித்துப் பார்த்தபோதும் அறுவையால் கூடுதல் பலன் தெரியவில்லை.

அப்படியானால் வலி குறைந்தது எப்படி? முட்டி வலி ஏறும், இறங்கும். மிக மோசமாக இருக்கும்போதுதான் நாம் மருத்துவரிடம் ஓடுகிறோம். அதன்பின் எது செய்தாலும், செய்யாவிட்டாலும், சற்றுக் குறையத்தான் செய்யும். அதோடு ஓய்வு, பயிற்சி, கவனிப்பு, நம்பிக்கை எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. அத்தை ஆறேழு மாதம் நன்றாக நடந்ததன் மர்மம் இப்போது எனக்கு ஓரளவு விளங்குகிறது.

2017-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் ஓர் அனைத்துலகக் குழு தன் பரிந்துரையை வெளியிட்டது. அதில் மருத்துவர்களோடு, முட்டி வலியை அனுபவித்த சாதாரண மக்களும் இடம்பெற்றிருந்தார்கள். வயதால் நைந்த முழங்காலுக்குத் துளை அறுவை, அநேகமாக யாருக்கும் வேண்டாம் என்பது அவர்களின் உறுதியான கருத்து.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. விளையாட்டில் அடிபட்டு முட்டி மடங்கிய நிலையிலேயே பூட்டிக்கொண்டு நீட்டவே முடியாதவர், மூட்டுக்குள் கிருமி புகுந்து காய்ச்சலும் வீக்கமும் கண்டவர் போன்றோருக்கு இந்த ஆய்வுகள் பொருந்தா. அவர்கள் உடனே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

மாற்று மூட்டின் கதை வேறு

இதைக் கேட்டதும் சிலர், "அப்படியென்றால் எல்லா முட்டி ஆபரேஷனும் வீண்" என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். அது தவறு. தேய்ந்த மூட்டின் மேற்பரப்பை நீக்கி உலோகமும் பிளாஸ்டிக்கும் பொருத்தும் மாற்று மூட்டு அறுவை வேறு வகை. அதற்கும் ஆய்வு உண்டு.

டென்மார்க்கில் மாற்று மூட்டுக்குத் தகுதியான 100 பேரை இரு குழுவாகப் பிரித்தார்கள். இரு குழுவினருக்கும் 12 வாரப் பயிற்சி, உணவு ஆலோசனை, காலணிக்குள் வைக்கும் மெத்தை, தேவைக்கு வலி மருந்து ஆகியவை கிடைத்தன. ஒரு குழுவுக்கு மட்டும் அவற்றுக்கு முன் மாற்று மூட்டும் பொருத்தினார்கள். முடிவு 2015-இல் வெளிவந்தது. ஓராண்டில் 100 புள்ளி அளவுகோலில், மூட்டு மாற்றியவர்கள் சராசரியாக 32 புள்ளிக்கு மேல் முன்னேறினார்கள். மற்றவர்கள் 16 புள்ளி. ஆக, அறுவை இரட்டிப்புப் பலன் தந்தது.

ஆனால் நாணயத்துக்கு மறுபக்கமும் உண்டு. இரத்தக் கட்டு, மூட்டு இறுகிப்போதல் போன்ற கடுமையான பாதிப்புகள் அறுவைக் குழுவில் 24. மற்றக் குழுவில் 6. இன்னொன்றையும் கவனியுங்கள். அறுவை செய்யாத 50 பேரில், ஓராண்டுக்குள் அறுவைக்குச் சென்றவர்கள் 13 பேர்தான். இரண்டு ஆண்டு கழித்துப் பார்த்தபோதும் மூவரில் இருவர் அறுவையின்றியே சமாளித்துக்கொண்டிருந்தார்கள்.

இதிலிருந்து நான் புரிந்துகொண்டது இது. கடுமையாகத் தேய்ந்த மூட்டுக்கு மாற்று மூட்டு நல்ல பலன் தரும். ஆனால் பயிற்சியை முறையாகச் செய்து பார்ப்பதால் நாம் எதையும் இழப்பதில்லை. பலருக்கு அதுவே சில ஆண்டுகளை வாங்கிக் கொடுக்கும்.

எத்தனை ஆண்டு உழைக்கும்?

"போட்ட மூட்டு பத்து வருஷம்தானாமே?" இதுவும் அடிக்கடி வரும் கேள்வி. ஆஸ்திரேலியா, ஃபின்லாந்து ஆகிய நாடுகள் மாற்று மூட்டு ஒவ்வொன்றையும் தேசியப் பதிவேட்டில் பதிந்து வைக்கின்றன. அந்தப் பதிவேடுகளை வைத்து 2019-இல் லான்செட் இதழில் வந்த கணக்கின்படி, முழு மாற்று முழங்கால் மூட்டுகளில் ஏறக்குறைய 82 விழுக்காடு 25 ஆண்டு தாக்குப்பிடிக்கின்றன.

ஆனால் வயதைப் பொறுத்துக் கதை மாறுகிறது. பிரிட்டனில் 2017-இல் வெளிவந்த ஆய்வின்படி, 70 வயதுக்கு மேல் செய்துகொள்பவர், வாழ்நாளில் மறுபடியும் அந்த மூட்டை மாற்ற வேண்டிவரும் வாய்ப்பு சுமார் 5 விழுக்காடு. ஐம்பதுகளின் தொடக்கத்தில் செய்துகொள்ளும் ஆண்களுக்கோ அது 35 விழுக்காடுவரை போகிறது. இரண்டாம் முறை செய்யும் அறுவை முதல் முறையைவிடக் கடினமானது. எனவே இளம் வயதினர் அவசரப்படாமல் இருப்பது நல்லது.

பதிவேட்டின் பயன் இன்னொன்றும் உண்டு. ஒரு வகை உலோக இடுப்பு மூட்டு சீக்கிரமே பழுதாவதை முதலில் காட்டிக்கொடுத்தவற்றுள் ஆஸ்திரேலியப் பதிவேடும் ஒன்று. 2010-இல் அது உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. அதற்குள் சுமார் 93,000 பேருக்கு அது பொருத்தப்பட்டிருந்தது. எனவே உங்கள் உடலில் பொருத்தப்பட்ட மூட்டின் பெயர், வகை, எண் எழுதிய அட்டையைக் கேட்டு வாங்கி, அடையாளக் கார்டைப்போல் பத்திரப்படுத்துங்கள்.

எதிர்பார்ப்பும் ஏமாற்றமும்

கனடாவின் ஒன்டாரியோவில் மாற்று முழங்கால் பொருத்திய 1,703 பேரிடம் ஓராண்டு கழித்து விசாரித்தார்கள். 2010-இல் வெளியான விவரப்படி, ஐந்தில் ஒருவருக்கு மனநிறைவு இல்லை. அதற்கு மிகப் பெரிய காரணமாகத் தெரிந்தது, எதிர்பார்த்தது நடக்கவில்லை என்பதே.

நம் குடும்பங்களுக்கு இது மிக முக்கியம். மாற்று மூட்டு வலியைப் போக்கும், நடக்க வைக்கும். ஆனால் தரையில் சம்மணமிட்டு உட்காருவதும், குந்துவதும், மண்டியிடுவதும் பலருக்கு முன்போல் வருவதில்லை. கோயிலில் தரையில் அமர்ந்து பூ கட்ட வேண்டும், குந்து கழிப்பறைதான் வீட்டில் இருக்கிறது என்றால், அதை அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். வீட்டில் செய்ய வேண்டிய மாற்றத்தையும் முன்பே செய்துவிடுங்கள்.

இனிப்பு நீரும் எடையும்

நம் சமுதாயத்துக்கென்று சொல்ல வேண்டிய ஒன்று இருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, மலேசிய இந்தியர்களில் வயது வந்தோரில் ஏறக்குறைய 31 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர். மற்ற இனத்தாரைவிட நாம்தான் அதிகம். சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்குப் புண் ஆறத் தாமதமாகும். மாற்று மூட்டில் கிருமி புகும் ஆபத்தும் கூடும். கிருமி புகுந்துவிட்டால் சில சமயம் போட்ட மூட்டையே எடுத்துவிட்டு மறுபடி தொடங்க வேண்டும். அதனால்தான் மூன்று மாதச் சர்க்கரை அளவு 8 விழுக்காட்டுக்கு மேல் இருந்தால் பல மருத்துவர்கள் அறுவையைத் தள்ளி வைக்கிறார்கள். அதைத் தட்டிக்கழிப்பதாக நினைத்துக் கோபப்படாதீர்கள்.

எடையைப் பற்றியும் ஒரு கணக்கு. எடை அதிகமுள்ள முதியவர்களை நடக்க வைத்து அமெரிக்காவில் அளந்து பார்த்தார்கள். உடலில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வோர் அடியிலும் முட்டியின்மேல் விழும் சுமை நான்கு கிலோ குறைகிறது என்று 2005-இல் கண்டறிந்தார்கள். ஐந்து கிலோ குறைத்தவருக்கு ஒவ்வோர் அடிக்கும் இருபது கிலோ மிச்சம். ஒரு நாளைக்கு எத்தனை அடி நடக்கிறோம் என்று நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

கேட்க வேண்டிய கேள்விகள்

அறுவை என்று மருத்துவர் சொன்னால் பயந்து ஓடவும் வேண்டாம், உடனே கையெழுத்துப் போடவும் வேண்டாம். பதறாத காரியம் சிதறாது. இவற்றைக் கேளுங்கள்:

நீங்கள் சொல்வது துளை போட்டுச் சுத்தம் செய்வதா, மூட்டையே மாற்றுவதா?

என் வலிக்குக் காரணம் இந்தக் கிழிசல்தான் என்று எதனால் கருதுகிறீர்கள்?

மூன்று மாதம் முறையான பயிற்சி செய்து பார்த்துவிட்டு வந்தால் ஏதாவது கெட்டுப்போகுமா?

என் வயதுக்கும் என் சர்க்கரைக்கும் இதில் என்ன ஆபத்து?

அறுவைக்குப் பின் நான் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது?

இப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு என்று நம் பெரியவர்கள் தயங்குகிறார்கள். இல்லவே இல்லை. நல்ல மருத்துவர் இந்தக் கேள்விகளை வரவேற்பார். பெற்றோருக்குக் கேட்கத் தயக்கமாக இருந்தால், பிள்ளைகள் உடன் போய்க் கேளுங்கள்.

நிறைவாக

அத்தைக்கு வலி முற்றி, இரவில் தூக்கம் போய், வாசல்வரைகூட நடக்க முடியாமல் போனது. 2018-இல் அரசாங்க மருத்துவமனையில் நீண்ட நாள் காத்திருந்து வலது முட்டிக்கு மாற்று மூட்டு பொருத்திக்கொண்டார். மறுநாளே எழுந்து நிற்க வைத்தார்கள். முதல் ஆறு வாரம் பயிற்சி செய்யும்போது அழுதார். இப்போது காலையில் சந்தைக்குத் தனியாகப் போய் வருகிறார். தரையில்தான் உட்கார முடிவதில்லை. "நாற்காலி இருக்குல்ல" என்று சிரிக்கிறார்.

அடுத்த முறை என் அம்மாவுடையது. அவருக்கு 63 வயது. சென்ற ஆண்டு அவருக்கும் படம் எடுத்துப் பார்த்து, "சவ்வு கிழிந்திருக்கிறது, சுத்தம் செய்யலாம்" என்றார்கள். பதினான்கு ஆண்டுக்கு முன் அத்தைக்குச் சொன்ன அதே வாக்கியம். இம்முறை நான் உடன் போயிருந்தேன். மேலே எழுதிய கேள்விகளைக் கேட்டேன். மருத்துவர் கோபப்படவில்லை. சற்று யோசித்து, "சரி, முதலில் பிசியோதெரபி செய்து பார்ப்போம்" என்றார்.

அம்மா வாரத்துக்கு இரண்டு முறை போகிறார். வீட்டில் நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருகிறார். காலை நேராக நீட்டித் தூக்கிப் பிடிக்கிறார். தொடையின் முன்பக்கத் தசை பலம் பெற்றால் முட்டியின் சுமையை அது தாங்கிக்கொள்ளும் என்பது கணக்கு. நான்கு கிலோ குறைந்திருக்கிறார். வலி முழுதும் போய்விட்டதா என்றால், இல்லை, மழைநாளில் முணுமுணுக்கிறார். ஆனால் படி ஏறும்போது என் கையைப் பிடிப்பதில்லை. என்றாவது மூட்டை மாற்றத்தான் வேண்டும் என்ற நாள் வந்தால் மாற்றிக்கொள்வோம், அதற்கும் தயார்தான்.

அத்தை வந்திருந்தபோது அம்மா பயிற்சி செய்வதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு என்னிடம், "அன்னிக்கு என்கூட நீ வந்திருக்கலாம்மா" என்றார்.

அன்று நான் டிப்ளோமா படித்துக்கொண்டிருந்த மாணவி, எதுவும் தெரியாது. இன்று தெரிந்ததைச் சொல்லிவிட்டேன். உங்கள் வீட்டிலும் ஓர் அம்மா, ஓர் அத்தை இருப்பார்கள். அடுத்த முறை அவர்கள் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது, உடன் போங்கள்.